கடைக்கண் ஈரம்

நாயின் கண்ணோரத்தைத் துடைத்துவிடும்போது யாருடைய சங்கடத்தைத் துடைக்கிறோம் என்ற கேள்வி சில காலமாகவே மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அக்கா குடும்பத்தோடு வெளிநாடு போனபோது எங்களிடம் விட்டுப்போன ஷிட்சூ அது; மல்லி என்று பெயர். வெள்ளை ரோமம், தட்டையான சின்ன முகம், இரண்டு கண்களின் மூக்கோரத்திலிருந்தும் வாய்வரை இறங்கும் செம்பழுப்புக் கோடு. காய்ச்சி ஆறவைத்த நீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணுக்கு ஒரு துணியாக எடுத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மெதுவாக ஒற்றினால் மோவாயை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். துணியில் துருவும் புளிப்பும் கலந்த ஒரு வாடை வரும். ஈரம் தங்கிய ரோமத்துக்கு அடியில் தோல் வெந்து சிவந்திருக்கும் நாட்களில் அந்த வாடை கூடும். ஈரத் துணிக்குப் பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு முறை ஒற்ற வேண்டும். இல்லாவிட்டால் துடைத்த நீரே மூக்கு மடிப்பில் தங்கி அடுத்த புண்ணுக்கு வழிசெய்யும். எல்லாம் முடிந்ததும் முகம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. வீட்டுக்கு வருபவர்கள் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்கிறார்கள். எனக்கும் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைத்தான் சந்தேகப்படுகிறேன். மல்லிக்குத் தன் முகத்தில் ஒரு கோடு இருப்பது தெரியாது. வெள்ளை ரோமம் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்ற ஆசை அதற்கு இல்லை. மத்தியானத்துக்குள் ஈரம் மறுபடி ஊறி, கோடு தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்து மனம் கலங்குவது நான்தான்.

மாடிவீட்டுப் பாட்டிக்கு இந்தக் கோடு ஆகாது. “ஏம்மா, நாய் இப்படிக் கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டே இருந்தா வீட்டுக்கு நல்லதில்லம்மா. உங்க அக்காவ நெனச்சு ஏங்குது, வேற என்ன?” என்பார். “இல்ல பாட்டி, தண்ணி இறங்குற வழி அதுக்குச் சின்னது, அதான் வெளிய வழியுது” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. அவரை மறுக்க என்னாலும் முழுதாக முடியவில்லை. விலங்கின் கண்ணில் நீரைக் கண்டால் அதை நியாயம் கேட்கும் குரலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்று தன் ஊரைப் பற்றிச் சொல்லும் கண்ணகி, கன்றை இழந்த பசுவின் கடைக்கண் நீர் சுட்டதால் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைத்தான் சாட்சிக்கு அழைக்கிறாள். அந்தப் பசுவுக்குக் கண்ணில் தூசி விழுந்திருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதையே நிற்காது. சார்லஸ் டார்வின் அப்படிக் கேட்கக்கூடியவர். உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் பற்றி 1872-இல் வெளியிட்ட நூலில், இலங்கையில் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் அசையாமல் கிடந்து கண்ணீர் விட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியதை எடுத்துப் பேசுகிறார். அதோடு விட்டுவிடாமல், லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் யானைகளைப் பிளிறவைத்து, பிளிறும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்குகின்றனவா என்று பார்க்கச் செய்கிறார். நம்புவதற்கும் சோதிப்பதற்கும் நடுவில் அவர் நின்ற அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. பாட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நிற்பது அந்த இடத்தின் இரு கரைகளில்தான்.

பாட்டியின் பக்கத்துக்கும் இப்போது ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் டக்கெஃபுமி கிக்குசுயி குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பல மணிநேரம் பிரிந்திருந்து தன்னை வளர்ப்பவரை மறுபடி காணும்போது நாயின் கண்ணில் நீர் கூடுகிறது என்று கண்டார்கள். பழக்கமான வேறொருவரைக் காணும்போது அப்படிக் கூடவில்லை. ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீரைக் கண்ணில் இட்டபோதும் நீர் கூடியது. ஆனால் அது கண்ணுக்குள் நிறையும் ஈரம். கன்னத்தில் வழியும் நீர் அல்ல. மல்லியின் கோட்டுக்கும் அந்த மகிழ்ச்சிக்கும் தொடர்பில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதே ஆய்வின் இன்னொரு பகுதிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. நாய்களின் கண்ணில் செயற்கைக் கண்ணீர் இட்டு எடுத்த படங்களையும் இடாமல் எடுத்த படங்களையும் மனிதர்களிடம் காட்டினார்கள். ஈரக் கண் கொண்ட படங்களைப் பார்த்தபோதே அந்த நாயைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் கூடுதலாக எழுந்தது. நாய் மகிழ்ந்திருக்கிறதா, வருந்துகிறதா, கண்ணில் இட்டது வெறும் மருந்துக்கடைத் திரவமா என்பது பார்ப்பவருக்குப் பொருட்டில்லை. நம் இரக்கத்தைத் தூண்ட ஈரம் ஒன்றே போதும். இரக்கம் இவ்வளவு எளிதாக எழுமானால், அது சரியான இடத்தில்தான் எழுகிறது என்பதற்கு என்ன உறுதி?

கண்ணீர் உண்மையில் எங்கே போக வேண்டும் என்பதை மல்லியைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். கண்ணின் மூக்கோர முனையில், மேலிமையிலும் கீழிமையிலும் ஊசிமுனை அளவுக்கு ஒவ்வொரு துளை. அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் ஒன்றுகூடி, எலும்புக்குள் ஓடும் நாளமாகி, நாசித்துவாரத்துக்குள் திறக்கின்றன. ஒவ்வொரு இமைப்பிலும் கண்மேல் பரவிய நீர் அந்தத் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. நல்ல நாளில் நாய் நாள் முழுவதும் தன் மூக்குக்குள்ளேயே கண்ணீரை இறக்கிவிடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள்மூக்கு நாய்களில் அந்த நாளம் நீண்டு, நேராக ஓடுகிறது. ஷிட்சூ, பக் போன்றவற்றில் முகத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதால் அதே நாளம் குறுகிய இடத்துக்குள் வளைந்து மடங்க வேண்டியிருக்கிறது. கண்குழி ஆழமற்றது, கண் முன்னுக்குத் துருத்துகிறது. இமையின் உள்முனை சற்று உட்புறம் மடிந்து, கீழ்த்துளையை அமுக்குகிறது. அங்கே வளரும் மெல்லிய முடிகள் நீரை உறிஞ்சி வெளியே கன்னத்துக்கு நடத்திவிடுகின்றன. மொட்டைமாடிக் குழாய் அடைத்துக்கொண்டால் மழைநீர் சுவரில் இறங்கிப் பாசி பிடிக்கிறதல்லவா, அதுதான் இது. சில நாய்களுக்குத் துளையே திறக்காமல் பிறவியிலேயே மூடியிருக்கும், அதைத் திறந்துவிடலாம். நாளம் சளியால் அடைத்திருந்தால் உப்புநீர் பாய்ச்சிக் கழுவலாம். முகத்தின் அமைப்பே காரணமானால் பாய்ச்சுவதற்கோ திறப்பதற்கோ பெரிதாக ஒன்றுமில்லை. “அழுகையெல்லாம் இல்லம்மா, வடிகால்தான் சரியில்ல” என்று அவர் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஆறுதல் போய்விட்டது. அந்த வடிகாலை இப்படி ஆக்கியது யார் என்ற கேள்வி வந்துவிட்டது.

அன்று மருத்துவரின் மேசைமேல் நடந்த சோதனைகளை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றின் நுனியை மடித்து, கீழிமைக்குள் செருகி, ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். நீர் காகிதத்தில் ஏறும் தூரம்தான் கணக்கு. நாய்க்கு நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் போதுமான நீர் சுரக்கிறது. 10-க்குக் கீழே என்றால் கண் வறள்கிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஒட்டோ ஷிர்மர் இந்த முறையை மனிதர்களுக்காக வெளியிட்டது 1903-இல். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் உறவில்லை. என்றாலும் ஒரு மனிதக் கண்ணீரை அளக்கத் தொடங்கிய ஆண்டிலேயே இந்த ஊரில் விலங்கின் உடம்பையும் படிக்கத் தொடங்கினார்கள் என்று எண்ணும்போது மனதுக்கு ஒரு நிறைவு. அடுத்து, ஃப்ளோரெசின் என்ற ஆரஞ்சுச் சாயத்தைக் கண்ணில் தொட்டார்கள். நீல ஒளியில் அது பச்சையாக ஒளிர்கிறது. கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தால் அங்கே சாயம் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் சில நிமிடங்களில் நாளம் வழியாக இறங்கி மூக்கின் நுனியில் பச்சையாக எட்டிப்பார்க்கும். மல்லியின் மூக்கில் பச்சை வரவே இல்லை. தட்டை முக நாய்களில் நீர் சிலசமயம் மூக்கின் பின்புறம் தொண்டைக்குள் இறங்கிவிடும், அதனால் மூக்கில் வராததை மட்டும் வைத்து அடைப்பென்று முடிவுகட்ட முடியாது என்றார் மருத்துவர். வாயைத் திறந்து பார்த்தோம். நாக்கின் பின்பகுதியில் மெல்லிய பச்சை. மல்லி அந்தப் பச்சை நாக்கால் என் கையை நக்கியது.

இனி அந்தக் கறை. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் போர்ஃபைரின் என்ற நிறமி, நாய்களில் கண்ணீரிலும் எச்சிலிலும் கொஞ்சம் வெளியேறுகிறது. ரோமத்தில் படிந்து வெளிச்சம் படப்பட அது கருஞ்சிவப்பாகிறது. ஓயாமல் நக்கும் பாதங்களில் அதே நிறம் ஏறுவதும் இதனால்தான். இந்த நிறமி எல்லா நாய்க்கும் உண்டு. கருப்பு நாய்க்கும் உண்டு, செம்பழுப்பு நாய்க்கும் உண்டு. அவற்றின் முகத்தில் தெரிவதில்லை, அவ்வளவே. ஆகவே கறை என்று நாம் சொல்வது வெள்ளை ரோமத்தின் பிரச்சினை. வெள்ளை ரோமத்தை விரும்பியவரின் பிரச்சினை. இதைத் தீர்க்கவென்று உணவில் தூவும் பொடிகள் விற்கிறார்கள். அமெரிக்காவில் விற்ற சில பொடிகளில் டைலோசின் கலந்திருந்தது. கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அது. நாயின் கண்கறைக்கு என்று அனுமதி பெறாத அந்தப் பொருள்களைப் பற்றி 2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. அந்த மருந்தால் ரோமத்தின் நிறம் மங்குகிறது. கண்ணிலிருந்து இறங்கும் நீர் குறைவதில்லை. முகம் வெள்ளையாகிவிடும், கண் அப்படியே வழிந்துகொண்டிருக்கும். கண்ணீர் நிற்காமல் அதன் சாட்சியை மட்டும் அழிப்பதற்காக ஓர் உயிருக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது, வாங்கப் பலர் இருந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது கோபம் வருகிறது. என் உறுத்தலுக்கு இங்கேதான் ஒரு உருவம் கிடைத்தது. துடைப்பதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று நாய்க்கானது, மற்றது பார்ப்பவருக்கானது. கை ஒன்றுதான் என்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறோம்.

பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் நாயின் பக்கத்தில் இருப்பவை வேறு விஷயங்கள். வெளிச்சத்தில் ஒரு கண்ணை மட்டும் இடுக்குவது, முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பது, மெத்தையில் கண்ணை உரசுவது, வெண்விழி சிவப்பது, கருவிழியில் நீலப்புகை படர்வது, தெளிந்த நீர் மஞ்சளாகவோ பச்சையாகவோ தடிப்பது. இவை வலி. இவற்றில் ஒன்றைக் கண்டால் வீட்டுத் துணியோடு நிற்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். துருத்திய கண்ணில் ஒரு சிறு கீறல் ஓரிரு நாளில் ஆழப் புண்ணாகிக் கண்ணையே கொண்டுபோய்விடலாம். இமையின் விளிம்பில் தவறான திசையில் முளைத்த ஒற்றை முடி கருவிழியை நாள் முழுவதும் உரசிக்கொண்டிருக்கலாம். மேல்வாயின் பெரிய கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே வீங்கி நீர் வடியலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்போம், நோய் பல்லில் இருக்கும். எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது, ஈரமாகத் தெரியும் கண் வறண்ட கண்ணாகவும் இருக்கலாம் என்பது. நீர்ச் சுரப்பு நின்றுபோன கண்ணில் பிசுபிசுவென்று சளி கட்டும். பார்ப்பவர் அதையும் கண் வழிகிறது என்றே சொல்வார். அதற்கு வேண்டியது சைக்ளோஸ்போரின் களிம்பு, துடைக்கும் துணி அல்ல. பாட்டி கைமருந்தாக நந்தியாவட்டைப் பூவைச் சொல்கிறார். தெருமுனை மருந்துக்கடையில், வீட்டில் யாருக்கோ வாங்கிய சொட்டுமருந்தையே நாய்க்கும் விடலாம் என்கிறார்கள். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்துவிட்டால், புண் ஆறாமல் கருவிழி கரையத் தொடங்கும். அன்பு நிறைந்த வீடுகளில்தான் இது நடக்கிறது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் போகிப் பண்டிகைக் காலையும் அந்தத் தரைமட்ட உயரத்தில் எப்படி இருக்கும் என்று குனிந்து பார்த்தால் பாதிச் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடும்.

இந்த முகம் எங்கிருந்து வந்தது? 2019-இல் ஜூலியேன் காமின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் நாய், ஓநாய்த் தலைகளை அறுத்துப் பார்த்து, உள்புருவத்தை உயர்த்தும் ஒரு சிறு தசை நாய்களில் நன்றாக வளர்ந்திருப்பதையும் ஓநாய்களில் அது பெரும்பாலும் இல்லாததையும் கண்டார்கள். அதற்கு முன் 2013-இல் வந்த ஓர் ஆய்வு, காப்பகங்களில் புருவத்தை அடிக்கடி உயர்த்தும் நாய்களை மனிதர்கள் விரைவாக வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள் என்று காட்டியது. புருவம் உயர்ந்தால் கண் பெரிதாகிறது, குழந்தைக் கண்ணாகிறது, சோகம் தெரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம் இரக்கம் இந்த முகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பின்னர் வளர்ப்பாளர்கள் அதே இரக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கி, கண்ணை உருட்டி, குழந்தை முகத்தை இன்னும் குழந்தை முகமாக்கினார்கள். 2003-இல் தொலைக்காட்சியில் வந்த ஹட்ச் செல்பேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் நடந்துபோன பக் நாயை நம் வீடுகள் எல்லாம் பார்த்தன. அதற்குப் பிறகு எத்தனையோ குழந்தைகள் அதே முகம் வேண்டும் என்றார்கள். அந்த முகத்தோடு வந்த கருவிழிப் புண்களையும், கருவிழி மேல் மெல்லப் படரும் பழுப்புத் திரையையும் விளம்பரத்தில் காட்ட இடமில்லை. நெதர்லாந்தில் 2019 முதல், மூக்கின் நீட்சி தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒரு அரசு நாயின் மூக்கை அளக்கிறது என்று முதலில் கேட்டபோது விசித்திரமாக இருந்தது. இப்போது அது கண்ணீரை அளப்பதன் இன்னொரு முனை என்று படுகிறது. காகிதப் பட்டையால் அளப்பது விளைவை. அந்தக் கோலால் அளப்பது காரணத்தை.

எங்கள் தெருவில் ஒரு கருப்பு நாட்டுநாய் உண்டு. டீக்கடை வாசலில் படுத்திருக்கும். அதன் கண்ணும் வழிந்துகொண்டிருந்தது; கிட்டக் குனிந்தபோதுதான் தெரிந்தது, ரோமம் முழுக்க ஈரம். யாரும் அதைப் பார்த்து ஏங்குகிறது என்று சொன்னதில்லை. பிறகு அந்த நீர் மஞ்சள் சளியாகத் தடித்தது, மூக்கிலும் ஒழுகியது, நாய் சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காது. நீள்மூக்கும் நேரான நாளமும் கொண்ட அந்த நாய்க்கு முகத்தால் ஒரு குறையுமில்லை. அதற்குக் குறைவாக இருந்தது நாம் பார்க்கும் பார்வை. வெள்ளை முகத்தில் ஒரு துளியும் தப்பாமல் காணும் கண்கள், கருப்பு முகத்தில் நோய் முற்றும்வரை எதையும் காணவில்லை. மல்லியிடம் எனக்கு இருக்கும் அக்கறையை இது பொய்யாக்கவில்லை. அந்த அக்கறை எதைப் பார்த்துக் கிளம்பியது என்று கேட்கவைக்கிறது. ஈரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் எழும் இரக்கம், நிறத்தை நம்பி நிற்கும் இரக்கம்தான்.

மல்லியின் கண் சரியாகிவிடாது. உள்முனை இமையைச் சீர்செய்யும் அறுவை உண்டு, கருவிழி உரசத் தொடங்கினால் அதைச் செய்துகொள்ளலாம், இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூக்கோர முடியைக் கண்ணில் குத்தாத அளவுக்கு, முனை மழுங்கிய கத்தரியால் ஓர் ஆள் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள் வெட்டிவிடுகிறோம். தோல் வேகாமல் பார்த்துக்கொள்கிறோம். கோட்டை வெள்ளையாக்கும் முயற்சியை விட்டுவிட்டோம்; அது பழுப்பாகவே இருக்கிறது, வருபவர்கள் கேட்டால் அதன் முகம் அப்படித்தான் என்கிறோம். துடைப்பது மட்டும் நிற்கவில்லை. இது வைத்தியமில்லை என்று தெரிந்தே செய்கிறோம். ஒரு முகத்தை நம் ஆசைக்காக இப்படி ஆக்கிய மனிதர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன். அதற்கு இந்த உயிரிடம் நாள்தோறும் செலுத்த வேண்டியது இந்தக் கொஞ்ச நேரம், இந்த ஈரத் துணி. இதற்கு நன்றியை அது தர வேண்டியதில்லை. அந்த முகத்தை நேசிக்காமல் இருக்க என்னால் முடியாது, அதுவும் உண்மை. உள்ளங்கையில் மோவாயை வைக்கும் அந்தத் தட்டை முகம்தான் எனக்குத் தெரிந்த மல்லி. ஆனால் இருக்கும் நாயை நேசிப்பதும், அதே முகத்தில் இன்னொரு நாயைப் பிறக்கவைப்பதும் ஒன்றல்ல. அத்தை வீட்டுப் பெண் இதே மாதிரிக் குட்டி வேண்டும், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். அழகைப் பற்றிச் சொல்லாமல், கண்ணைத் துடைக்கும் நேரத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள், துணியைப் பிடித்தாள், தோலின் சிவப்பைப் பார்த்தாள். அதன் பிறகும் அவள் வாங்கக்கூடும். வாங்குவதானால் காசு கொடுப்பதற்கு முன் குட்டியின் மூக்கை அளந்து பார், அதைவிடத் தடுப்பூசி போடாத ஒரு தெருக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். கண்ணீரைத் துடைப்பதைவிட அது முன்னதாகவே செய்ய வேண்டிய வேலை.